வீட்டின் கடைசி அறை

மலேசியத் தமிழில் ‘லைன்’ என்ற சொல்லுக்கு வயது அதிகம். தாத்தா காலத்தில் அது தோட்டத்து வீட்டு வரிசை. லயம் என்று எழுதினார்கள், லைன் வீடு என்று பேசினார்கள். அப்பா காலத்தில் அது தொலைபேசிக் கம்பி. இப்போது சுவரைத் தாண்டி வரும், கண்ணுக்குத் தெரியாத ஒன்று. “லைன் இல்ல”, “லைன் வீக்கா இருக்கு”, “இங்க வந்து பேசு, இங்கதான் லைன் கெடைக்கும்.” அர்த்தம் மாறிக்கொண்டே வந்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. எந்த லைனுக்கும் ஒரு முதல் முனையும் ஒரு கடைசி முனையும் உண்டு. கடைசி முனையில் யாரோ ஒருவர் இருக்கிறார்.

இந்தக் கட்டுரை வீட்டு வைஃபை பற்றியது. அதில் என்ன தத்துவம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நான் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் மின்னணுவியல் படித்தவன். சொந்தக்காரர்களுக்கு அந்தப் பட்டத்தின் பொருள் ஒன்றுதான்: இவனைக் கூப்பிட்டால் ரௌட்டர் பார்ப்பான். கல்யாண வீட்டுக்குப் போனாலும் கருமாதி வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒருவர் போனை நீட்டி “இது ஏன்யா சுத்திக்கிட்டே இருக்கு?” என்கிறார். அப்படிப் பல வீடுகளை அளந்து பார்த்ததில் எனக்குள் ஒரு கேள்வி தங்கிவிட்டது. எல்லாரும் சேர்ந்து அனுபவிக்கும் ஒரு பொருள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் எப்போதும் குறைவாகவே வந்தால், அது அநியாயமா? அல்லது வெறும் இயற்பியலா?

*

கிள்ளானில் என் பெரியப்பா வீடு. நம்மில் பலர் வாழும் அதே இரட்டை மாடி வரிசை வீடுதான். அகலம் 20 அடி, நீளம் அதைவிட மூன்று மடங்குக்கும் மேல். இரண்டு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர். வெளிச்சம் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும்தான் வரவேண்டும். ஃபைபர் கம்பியும் அப்படித்தான். தெருவிலிருந்து முன்பக்கமாக உள்ளே நுழைகிறது. லைன் போட வந்தவருக்கு அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கும். ஹாலில் டிவி அலமாரிக்குப் பக்கத்தில் பிளக் இருக்கிறது. பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறார். யாரும் குறை சொல்வதில்லை. எல்லா வீட்டிலும் பெட்டி அங்கேதான் இருக்கிறது.

இப்போது அந்தப் பெட்டியிலிருந்து பின்பக்கமாக நடந்து பாருங்கள். ஹாலில் பெரியப்பா. மாடியில், முன்னறையில் அண்ணன். ஹாலைத் தாண்டினால் மாடிப்படி, சாப்பாட்டு மேசை. அதற்குப் பின்னால் ஒரு கனமான செங்கல் சுவர். அது ஒரு காலத்தில் வீட்டின் வெளிச்சுவர். பின்பக்க முற்றத்தை இழுத்து மூடிச் சமையலறையைப் பெரிதாக்கியபோது, இடிக்காமல் விட்ட பகுதி அப்படியே வீட்டுக்குள் தங்கிவிட்டது. அந்தச் சுவரை ஒட்டித்தான் ஆளுயர ஐஸ்பெட்டி நிற்கிறது, முழுக்க உலோகம். அதற்கும் பின்னால் பெரியம்மா, அடுப்பு. கடைசியில், துணி துவைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஓர் அறை. அதில் பாட்டி. பெரியப்பாவின் மகள் பள்ளியில் படித்த காலத்தில் அவளும் அந்த அறையில்தான் இருந்தாள்.

வரைபடமாக வரைந்தால் இது ஒரு குடும்ப மரம் மாதிரியே இருக்கும். சம்பாதிப்பவர் முன்னால், சமைப்பவர் பின்னால், சமைத்து முடித்து வயதானவர் கடைசியில்.

போனில் ஒரு செயலியைத் திறந்து அளந்தேன். சிக்னலின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் சொல்வார்கள். எண் எப்போதும் கழித்தல் குறியோடு வரும், பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஹாலில் -38. சமையலறையில் -71. பாட்டி அறையில் -84. பார்க்க இரு மடங்கு வித்தியாசம் போலத் தெரியும். ஆனால் இந்த அலகு மடக்கைக் கணக்கில் ஓடுவது. 3 குறைந்தால் சக்தி பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. 46 குறைந்தால்? ஹாலுக்கு வருவதில் சுமார் 40,000-இல் ஒரு பங்குதான் பாட்டி அறைக்குப் போய்ச்சேர்கிறது. ஒரே கூரை, ஒரே பில்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது தங்கைக்குப் படிவம் 5. வகுப்பெல்லாம் மாடிப்படியில் நடந்தது, மூன்றாவது படியில். அதற்குக் கீழே இறங்கினால் ஆசிரியர் உறைந்து நிற்பார், மேலே போனால் அண்ணன் மீட்டிங்கில் இருப்பார். எஸ்பிஎம் முடித்து அவள் படிக்கப் போன பிறகு, அதே மூன்றாவது படி பாட்டியிடம் வந்து சேர்ந்தது. பெர்த்தில் இருக்கும் சின்ன மகன் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீடியோவில் கூப்பிடுவார். மூட்டுவலியோடு பாட்டி படியில் வந்து உட்காருவார். ஹாலில் சோபா இருக்கிறது, ஆனால் டிவி ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு வீட்டில் சிக்னல் எப்படி என்று தெரிந்துகொள்ளச் செயலிகூடத் தேவையில்லை. யார் எங்கே நின்றுகொண்டு போன் பேசுகிறார்கள் என்று கவனித்தால் போதும்.

*

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் பேசவேண்டும், ஏனென்றால் நியாயம் என்ற சொல் வைஃபைக்கு உள்ளேயே இருக்கிறது.

அடிப்படையில் வைஃபை என்பது ஒரு பேச்சு ஒழுங்கு. ஒரு சானலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும். 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சனின் குழு, தீவுகளுக்கு இடையே கணினிகளை ரேடியோ வழியாக இணைக்க அலோஹாநெட் என்ற வலையமைப்பை இயக்கியது. அதில் யார் வேண்டுமானாலும் பேசலாம். இருவர் பேச்சும் மோதிக்கொண்டால், இருவரும் தோராயமாகக் கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி முயல வேண்டும். 1997-இல் வந்த முதல் வைஃபை தரவரையறை அதில் ஒரு பண்பைச் சேர்த்திருந்தது: பேசுவதற்கு முன் கேள். யாரும் பேசவில்லை என்றால், தோராயமாகச் சில கணங்கள் பொறுத்துவிட்டுப் பேசு. மாமாக் கடை மேசையில் நாலு நண்பர்கள் பேசுவதுபோலத்தான். தலைவர் கிடையாது. எல்லாருக்கும் பேசச் சமவாய்ப்பு.

ஆனால் வாய்ப்பு வேறு, நேரம் வேறு. சிக்னல் பலவீனமான இடத்தில் இருக்கும் கருவி வேகமாகப் பேசினால் மறுமுனைக்குப் புரியாது. இரைச்சலுக்கு நடுவே தூரத்தில் நிற்பவரிடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வோமே, அதுபோல மெதுவாகப் பேசவேண்டும். அதனால் அதன் ஒவ்வொரு வாய்ப்பும் அதிக நேரத்தை விழுங்குகிறது.

சுலபமான ஒரு கணக்கு. அண்ணனின் மடிக்கணினி நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பேசக்கூடியது. பாட்டியின் போன் அவர் அறையிலிருந்து 10 மெகாபிட்தான். இருவரும் ஒரே சமயத்தில் பயன்படுத்துகிறார்கள், ஆளுக்கு ஒரு வாய்ப்பு மாறி மாறி. அண்ணன் ஒரு பொட்டலம் அனுப்ப 1 பங்கு நேரம் என்றால், அதே அளவு பொட்டலத்துக்குப் பாட்டிக்கு 10 பங்கு. ஆக 11 பங்கு நேரத்துக்கு ஆளுக்கு ஒரு பொட்டலம். மற்றச் செலவுகளை விட்டுவிட்டால், இருவருக்குமே கிடைப்பது சுமார் 9 மெகாபிட். 100 உள்ளவரும் 9, 10 உள்ளவரும் 9.

2003-இல் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டு எழுதினார்கள், ‘செயல்திறன் முரண்’ என்று பெயர் வைத்தார்கள். அதற்கு மருந்தும் வந்தது. வாய்ப்பைச் சமமாகப் பிரிக்காதே, நேரத்தைச் சமமாகப் பிரி. பல ரௌட்டர்களில் இந்த வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு வைத்திருக்கும் பெயரிலேயே ஃபேர்னஸ் என்ற சொல் உண்டு, நாம் ‘நேர நியாயம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். நேரத்தைப் பாதிப் பாதியாகக் கொடுத்தால் அண்ணனுக்கு 50, பாட்டிக்கு 5. வீட்டின் மொத்தம் 18-லிருந்து 55-க்கு எகிறுகிறது. பாட்டியின் பங்கு மட்டும் 9-லிருந்து 5-க்கு இறங்குகிறது.

எது நியாயம்? வாய்ப்பில் சமமா, நேரத்தில் சமமா? இரண்டு பக்கமும் நல்ல வாதங்கள் இருக்கின்றன. பல்கலைக்கழக விடுதியில் இதைப் பற்றி விடிய விடிய பேசலாம். இன்னும் கடுமையான ஓர் அமைப்பும் உண்டு: குறிப்பிட்ட வலிமைக்குக் கீழே இருக்கும் கருவியைத் துண்டித்துவிடு. பக்கத்தில் இன்னொரு ரௌட்டர் இருக்கும் அலுவலகத்தில் அது நல்ல ஏற்பாடு. போன் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரே ரௌட்டர் உள்ள வீட்டில் அதன் அர்த்தம், பாட்டியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது.

அண்ணன் ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னார்: “பாட்டி வீடியோ கால் பேசுனா எல்லாருக்கும் ஸ்லோ ஆயிடுதுடா.” தொழில்நுட்பமாகப் பார்த்தால் அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வாக்கியத்தை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். எல்லாருக்கும் என்ற சொல்லில் பாட்டி இல்லை. ஆகக் குறைவாகப் பெறுபவர் யாரோ, அவரே மற்றவர்களின் சுமையாகிவிடுகிறார்.

நம் சமூகத்தைப் பற்றியும் இதே குரலில் பேசக் கேட்டிருக்கிறோம், நம் வீட்டுக்குள்ளேயும் கேட்டிருக்கிறோம். தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள், பி40 குடும்பங்கள், வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைகள். ‘மெதுவா இருக்காங்க, மத்தவங்களையும் இழுக்குறாங்க.’ பாட்டியின் போன் மெதுவாகப் பேசுவது அந்தப் போனின் குணம் இல்லை. அதே போனை ஹாலுக்குக் கொண்டுவந்தால் அண்ணனின் கணினியோடு போட்டி போடும். வேகம் என்பது கருவிக்குள் இருக்கும் பண்பு மட்டுமல்ல. கருவிக்கும் பெட்டிக்கும் நடுவில் எத்தனை சுவர் என்பதன் விளைவு அது.

*

ஜான் ரால்ஸ் 1971-இல் எழுதிய நீதிக் கோட்பாட்டு நூலில் ஒரு கற்பனைச் சோதனையை முன்வைத்தார். ஒரு சமூகத்தின் விதிகளை நீங்கள் வகுக்கலாம். ஆனால் அந்தச் சமூகத்தில் நீங்கள் யாராக இருப்பீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. பணக்காரரா ஏழையா, எந்த இனம், உடல்நலம் உள்ளவரா இல்லாதவரா, எதுவும் தெரியாது. அந்த அறியாமைத் திரைக்குப் பின்னால் நின்று விதி வகுத்தால், யாரும் ஆகக் கீழே இருப்பவரை மறந்து வகுக்கமாட்டார்கள் என்றார். தானே அவராக இருக்கலாமே.

இதை வீட்டளவுக்குச் சுருக்கலாம். இந்த வீட்டில் எந்த அறை உங்களுக்கு என்று தெரியாது. இப்போது சொல்லுங்கள், ரௌட்டரை எங்கே வைப்பீர்கள்? டிவிக்குப் பக்கத்தில் வைப்பேன் என்று சொல்பவரை நான் இதுவரை பார்க்கவில்லை. எல்லாரும் வீட்டின் நடுவைத்தான் காட்டுகிறார்கள். மாடிப்படிச் சுவர், அல்லது சாப்பாட்டு மேசைக்கு மேல்.

மேலே சொன்ன கணக்கை இப்போது திரும்பப் போடுவோம். பெட்டி நடுவுக்கு வந்தால் அண்ணனின் 100 குறையும், பாட்டியின் 10 கூடும். இருவரும் 60-இல் வந்து நிற்கிறார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 30, மொத்தம் 60. வாய்ப்பைச் சமமாகப் பிரித்தாலும் 30, நேரத்தைச் சமமாகப் பிரித்தாலும் 30. இரண்டு நியாயங்களுக்கு நடுவே இருந்த சண்டையே காணாமல் போய்விட்டது.

நான் சொல்லவரும் விஷயம் இதுதான். எப்படிப் பங்கிடுவது என்று விவாதிக்கும்போது நாம் ஏற்கெனவே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறோம், பெட்டி இருக்கும் இடத்தை. பங்கீட்டு விதி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் பெட்டி டிவிக்குப் பக்கத்தில் இருக்கும்வரை, யாரிடமிருந்து எவ்வளவு பிடுங்குவது என்பதைத்தான் அது தீர்மானிக்கும். நியாயம் பற்றிய முதல் கேள்வி பங்கு அல்ல, இடம். தோட்டத்தில் துரை பங்களா மேட்டிலும் லயம் பள்ளத்திலும் இருந்ததே, அங்கே தண்ணீரை எவ்வளவு நியாயமாகப் பங்கிட்டாலும் யார் மேலே யார் கீழே என்பது அதற்கு முன்பே முடிவாகியிருந்தது.

ஆனால் 30, 30 என்ற முடிவில் ஒருவருக்கு நட்டம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. நேர நியாயத்தில் 50 வாங்கிக்கொண்டிருக்கக்கூடிய அண்ணனுக்கு இப்போது 30. யாருக்கும் நோகாமல் நியாயம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. யாருக்கு எவ்வளவு நோகும் என்பதைத்தான் எடைபோட வேண்டும். 50-லிருந்து 30-க்கு வருவதில் அண்ணன் இழப்பது, பெரிய கோப்பு இறங்கும்போது இன்னும் கொஞ்ச நேரக் காத்திருப்பு. 5-லிருந்து 30-க்குப் போவதில் பாட்டிக்குக் கிடைப்பது, மகனின் முகம் உறையாமல் இருப்பது. இரண்டும் ஒரே அலகில் எழுதப்படுகிறது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது.

*

பெரியப்பாவிடம் பேசியபோது இரண்டு எதிர்ப்புகள் வந்தன. இரண்டையும் மதிக்கிறேன்.

முதலாவது, “மாசாமாசம் காசு கட்டுறது நான்தானே.” சந்தையில் இது செல்லும். வீட்டில் சோற்றுப்பானையை, அரிசி வாங்கியவரின் கைக்கு எட்டும் இடத்திலா வைக்கிறோம்? ஆனால் அவர் சொன்னதில் உரிமை மட்டும் இல்லை, ஒரு தற்காப்பும் இருந்தது. தன்னை யாரோ குற்றம் சொல்கிறார்கள் என்ற உணர்வு. அவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. அம்மாவுக்கு லைன் கிடைக்கக்கூடாது என்று அவர் நினைத்ததே இல்லை. லைன் போட வந்தவரும் நினைக்கவில்லை, வீட்டைக் கட்டியவரும் நினைக்கவில்லை, சுவரைப் பாதி இடித்த மேஸ்திரியும் நினைக்கவில்லை. எல்லாரும் அவரவருக்கு வசதியான ஒன்றைச் செய்தார்கள். எல்லாம் கூடி ஒரு கிழவியை மாடிப்படியில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டது.

ஐரிஸ் மேரியன் யங் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர், அவர் இறந்தபின் 2011-இல் வெளியான நூலில், இப்படிக் குற்றவாளி இல்லாத அநியாயத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். குற்றம் என்பது பின்னால் திரும்பிப் பார்ப்பது, பொறுப்பு என்பது முன்னால் பார்ப்பது என்பது அவர் வாதத்தின் சாரம். யார் செய்தார்கள் என்று தேடிக்கொண்டிருந்தால் எல்லாரும் கைவிரிப்பார்கள், பெட்டி அங்கேயே இருக்கும். இந்த ஏற்பாட்டில் பங்குள்ள எல்லாருக்கும், குறிப்பாக அதை மாற்றும் சக்தி உள்ளவருக்கு, மாற்றும் பொறுப்பு உண்டு. பெரியப்பாவிடம் நான் யங் பெயரைச் சொல்லவில்லை. “உங்க மேல தப்பு இல்ல பெரியப்பா, பெட்டிய மட்டும் கொஞ்சம் நகத்திக்கலாம்” என்றேன். அதற்கு அவர் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது எதிர்ப்பு பாட்டியிடமிருந்து. “எனக்கு எதுக்குய்யா லைனு? நான் என்ன ஆபீஸா நடத்துறேன்?”

இதுதான் ஆகக் கடினமான வாதம். ஒருவர் தனக்கு வேண்டாம் என்கிறார். அவர் சொல்லை மதிப்பதா, அல்லது ‘உனக்கு எது நல்லதென்று எனக்குத் தெரியும்’ என்று பேசுவதா? அமர்த்தியா சென் பல இடங்களில் இதை எச்சரித்திருக்கிறார். நெடுங்காலம் குறைவாகவே பெற்றவர்கள், கிடைக்கும் அளவுக்கு ஆசையைச் சுருக்கிக்கொள்ளப் பழகிவிடுகிறார்கள். அவர்களின் மனநிறைவை மட்டும் அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். நம் பாட்டிகளுக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கடைசியாகச் சாப்பிட உட்கார்ந்து ‘எனக்குப் பசியே இல்ல’ என்று சொல்லும் கலையை அவர்கள் சிறுவயதிலேயே கற்றுக்கொண்டவர்கள்.

அதற்காக எல்லா ‘வேண்டாம்’களையும் பொய் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. நான் பார்த்தது அவர் கால்களைத்தான். வேண்டாம் என்று வாய் சொல்கிறது. ஞாயிறு மதியம் மூட்டுவலியோடு படிவரை நடந்து வருகிறது கால்.

*

வேலை அரை நாள்தான் எடுத்தது. ஃபைபர் வந்து சேரும் பெட்டி ஹாலிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அதிலிருந்து ஒரு நெட்வொர்க் கம்பியை உத்தரத்தை ஒட்டி இழுத்து, ரௌட்டரை மாடிப்படிச் சுவரில் ஆள் உயரத்தில் பொருத்தினோம். இன்னொரு கம்பியை அங்கிருந்து திரும்பக் கொண்டுவந்து டிவியில் சொருகினோம். நகராத பொருளுக்குக் கம்பி, நகரும் மனிதர்களுக்குக் காற்று என்பது நல்ல விதி. டிவி கம்பிக்குப் போனதால் அவ்வளவு காற்று மற்றவர்களுக்கு மிச்சம். வெள்ளை பிளாஸ்டிக் குழாய் ஹால் சுவரில் தெரிகிறது, அழகாக இல்லை. “சாமி படத்துக்குக் குறுக்க ஓடாம பார்த்துக்கய்யா” என்பது மட்டும்தான் பெரியம்மா வைத்த நிபந்தனை.

இதற்கு முன்பே பெரியப்பா ஒரு ரிப்பீட்டர் வாங்கிப் பாட்டி அறையில் சொருகியிருந்தார். போனில் சிக்னல் கோடுகள் நிறைந்து நிற்கும், ஆனால் எதுவும் திறக்காது. கோடுகள் காட்டுவது போனுக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள உறவை மட்டும்தான். ரிப்பீட்டர் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கருவி. எதுவும் கேட்காத இடத்தில் வைத்தால் எதைத் திருப்பிச் சொல்லும்? அதை வைக்கவேண்டிய இடம் பாதிவழி, இரண்டு பக்கமும் காதில் விழும் இடம். கடைசி முனைக்காகப் பேசுகிறோம் என்று கிளம்பும் அமைப்புகளையும் தலைவர்களையும் இதை வைத்து அளந்து பார்க்கலாம்.

மறுபடி அளந்தேன். ஹால் -52, பாட்டி அறை -66. மாடியில் அண்ணன் “கேம்ல பிங் ஏறிடுச்சுடா” என்றார். ஏறியிருக்கலாம்.

சமையலறைக்குள்ளும் இப்போது நல்ல லைன். ஒரு வாரம் கழித்துப் பெரியம்மா சொன்னார்: “முன்ன டீ வேணும்னா மேல இருந்து கத்தணும், காதுல விழலன்னு இருந்துடலாம். இப்ப வாட்ஸ்அப்ல கேக்குறான்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் இதை நகைச்சுவை என்று தள்ளிவிட முடியாது. அலை வரும்போது செய்தி மட்டும் வருவதில்லை, கட்டளையும் வருகிறது. லைன் இல்லாத சமையலறை அவருக்கு ஒரு மறைவிடமாகவும் இருந்திருக்கிறது. எட்டாத இடத்தில் இருப்பவருக்கு அதனாலேயே ஒரு சுதந்திரமும் உண்டு என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். மூலைமுடுக்கெல்லாம் சிக்னல் என்பதைத் தன்னளவில் ஓர் அறமாக ஆக்கிவிடக்கூடாது. பெரியம்மா அதற்குத் தானே வழி கண்டுபிடித்துவிட்டார். அடுப்படியில் இருக்கும்போது போனில் வைஃபையை அணைத்துவிடுகிறார். வேண்டியபோது போடுகிறார். வராமல் இருந்த மௌனத்துக்கும் அவர் கையால் அணைத்த மௌனத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் நான் பேசிக்கொண்டிருக்கும் நியாயம்.

பாட்டி? அவர் முன்பைவிட அதிகமாக ஒன்றும் போன் பேசுவதில்லை. அதே ஞாயிறு மதியம், அதே மகன். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார். படியில் உட்கார்ந்து பேசிய நாட்களில் அவர் பேச்சு முழுக்க வீட்டுக்கே கேட்கும். நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், மருந்து எடுத்துக்கிட்டேன். இப்போது என்ன பேசுகிறார் என்று யாருக்கும் தெரியாது, சில நாள் ஒரு மணி நேரம் ஆகிறது. அளவீட்டில் 18 டெசிபல் கூடியிருக்கிறது. அவருக்குக் கூடியது ஒரு கதவு.

*

வீட்டுக்குச் சொன்னது நாட்டுக்கும் அப்படியே பொருந்தாது. நாட்டில் மலை இருக்கிறது, காடு இருக்கிறது, கோபுரம் நடப் பெரிய பணம் வேண்டும். ஆனால் கேள்வி அதேதான். 2020 ஜூனில் சபாவின் பித்தாஸ் பகுதியில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணையத் தேர்வு எழுதச் சிக்னல் தேடி மரத்தில் ஏறித் தங்கினார். நாடே அவரைப் பார்த்தது. அந்த மரமும் எங்கள் வீட்டு மூன்றாவது படியும் ஒரே பொருள்தான், உயரம் மட்டும் வேறு. அதே ஆண்டு அரசாங்கம் ஜெண்டேலா திட்டத்தை அறிவித்தது. குடியிருப்புப் பகுதிகளில் 4ஜி பரவலை 91.8 விழுக்காட்டிலிருந்து 96.9 விழுக்காட்டுக்கு உயர்த்துவது அதன் இலக்குகளில் ஒன்று. மலாயில் ஜெண்டேலா என்றால் ஜன்னல். நல்ல பெயர், நல்ல இலக்கு. ஆனால் எந்த விழுக்காட்டுக்கும் ஒரு மிச்சம் உண்டு. மிச்சம் எப்போதும் அதே முனையிலேயே விழுகிறதா என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும். சராசரி வேகம் ஏறிக்கொண்டிருக்கும்போதே கடைசி அறை இருட்டாக இருக்கமுடியும் என்பதை ஒரு வரிசை வீடே காட்டிவிடுகிறது.

எங்கே பிறக்கப்போகிறோம் என்று தெரியாமல் கோபுரங்களை நடும் பொறுப்பை நம்மிடம் கொடுத்தால் எங்கே நடுவோம் என்று சும்மா நினைத்துப் பார்க்கலாம். அது பெரிய வேலை, நம் கையில் இல்லை. வீட்டுப் பெட்டி நம் கையில் இருக்கிறது. வீட்டில் யாராவது லைன் இல்லை என்று சொன்னால், அவர் போனை வாங்கிப் பார்ப்பதற்கு முன்னால் அவர் எந்த அறையிலிருந்து வந்து சொல்கிறார் என்று பாருங்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை என்றால், மாடிப்படியைப் பாருங்கள்.